தேய்மானம் சார் எழுதிய தொகை

ஒர்க்‌ஷாப் வாசலில் அவருடைய ஸ்கூட்டர் வந்து நின்றால் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும்: “தேய்மானம் வந்துட்டாருடோய்!”

அவர் அதற்கெல்லாம் கோபித்துக்கொண்டதில்லை. நிழல் பார்த்து ஸ்கூட்டரை நிறுத்துவார். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடிப்பார். டார்ச்சை எடுத்துக்கொண்டு நேராக அடிபட்ட காருக்கு அடியில் புகுந்துவிடுவார். பையில் ஓர் அளவு நாடாவும், நூலில் கட்டிய சின்னக் காந்தம் ஒன்றும் இருக்கும். காரின் உடம்பில் காந்தத்தை நடக்க விடுவார். அது ஒட்டாமல் நழுவும் இடத்தில் தகரம் இல்லை, பட்டி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். “இது பழைய அடி” என்பார். வண்டிக்காரர் முகம் சுண்டிப் போகும்.

முப்பத்திரண்டு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தார். அடிபட்ட வண்டிக்குக் கம்பெனி எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதிக் கொடுப்பதுதான் வேலை. ரப்பர், பிளாஸ்டிக் என்றால் பாதி. கண்ணாடி முழுசு. இரும்பு என்றால் வயதுக்கு ஏற்றபடி கழிக்க வேண்டும். இந்தக் கழிவுக்குத்தான் தேய்மானம் என்று பெயர். பல வருஷம் சொல்லிச் சொல்லி அந்த வார்த்தை அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது. எந்த ஒர்க்‌ஷாப்பிலும் அவர் ஒரு டீ வாங்கிக் குடித்தது கிடையாது. எழுதிய வரியை யார் சொல்லியும் அடித்ததில்லை.

முழங்கால் வலியோடு மாடிப்படி ஏறும்போது மனைவி கேட்பாள்: “என் முட்டிக்கு எவ்வளவு போட்டிருக்கீங்க?”

“ரப்பர் பாகம். பாதி” என்பார், செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவருக்கு ஒரே தம்பி. லிஃப்ட் மெக்கானிக். அண்ணன் குள்ளம், தம்பி நெடுநெடுவென்று ஆறடிக்கு மேல். அண்ணன் ஒரு வாக்கியம் பேசினால் தம்பி பத்துப் பேசுவான். மூடிக் கிடந்த ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கொல்லையில், பின்சீட்டில் கோழி முட்டையிட்டுக்கொண்டிருந்த ஒரு பழைய காரைத் தம்பி கண்டுபிடித்தான். ஐம்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த கார். தள்ளிக்கொண்டு வந்து வீட்டுப் பக்கத்துக் கொட்டகையில் நிறுத்தினான். பதினோரு வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அதன் மேலேயே கிடந்தான். கிடைக்காத பாகத்தை லிஃப்ட் கம்பெனி லேத்தில் தானே கடைந்துகொண்டான். மேலே பாலேட்டு நிறம், கீழே அரக்கு. கடைசியில் கண்ணாடி மாதிரி வந்து நின்றது.

அவனுக்கு ஒரே மகள். தாயைச் சின்ன வயதிலேயே இழந்தவள். ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். அவளைக் காருக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் தம்பி சொல்வான்: “எனக்கு ரெண்டு பொண்ணுங்க. மூத்தவளுக்கு நாலு சக்கரம்.”

கார் ஓடத் தொடங்கியதிலிருந்து ஞாயிறு காலை அண்ணன் வீட்டு வாசலில் ஹாரன் கேட்கும். இரண்டு சின்னது, ஒரு பெரியது. அண்ணன் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். இருவரும் ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு வருவார்கள். அண்ணன் வழியெல்லாம் எஞ்சின் சத்தத்தையே கேட்டுக்கொண்டு வருவார். குறை ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் அவருடைய பாராட்டு என்பது தம்பிக்குத் தெரியும்.

இன்சூரன்ஸ் விஷயத்தில்தான் இரண்டு பேருக்கும் தகராறு வந்தது.

சாதாரண பாலிசியில் வண்டியின் மதிப்பு வருஷத்துக்கு வருஷம் தேய்ந்துகொண்டே போகும். அறுபது வயதுக் காருக்கு அந்தக் கணக்கில் பழைய இரும்பின் விலைதான் மிஞ்சும். அதனால் பழங்கார்களுக்கென்று தனியாக ஒரு வகை உண்டு. இந்தக் கார் இவ்வளவு பெறும் என்று சொந்தக்காரரும் கம்பெனியும் முன்கூட்டியே ஒரு தொகைக்கு ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். கார் முழுதாகப் போனால் அந்தத் தொகை அப்படியே வரும், தேய்மானப் பேச்சே கிடையாது. ஆனால் இன்னொரு விதியும் உண்டு. ரிப்பேர் செலவு அந்தத் தொகையில் முக்கால் பங்கைத் தாண்டிவிட்டால் மொத்த இழப்பு என்று எழுதி, பணத்தைக் கொடுத்துவிட்டு, காரைக் கம்பெனி எடுத்துக்கொண்டு போய்விடும்.

கொட்டகையில் ஸ்பானர்களை ஒதுக்கிவிட்டு மூன்று கம்பெனிகளின் விண்ணப்பங்களையும் அண்ணன் மேஜையில் பரப்பினார். ஒன்றில் வருஷத்துக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாது. இன்னொன்றில் அவர்கள் சொல்கிற ஒர்க்‌ஷாப்பில்தான் ரிப்பேர்.

“அது வேண்டாம். இவளை எவன் கையிலயும் குடுக்கமாட்டேன்” என்றான் தம்பி.

மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தார்கள். தொகை எழுதும் கட்டம் வந்தது.

“பத்து லட்சம் போடு அண்ணே.”

“பத்து யாருடா குடுப்பான்?”

“நான் என்ன விக்கவா போறேன்? விக்கிறவன்தான் அதைக் கேக்கணும். இன்னொரு தடவை இதைச் செய்யணும்னா பத்து ஆகும். அவ்வளவுதான்.”

“சந்தையில ஏழு போகும்.” அண்ணன் பேனா மூடியைக் கடித்தார். பிறகு ஆறு என்று எழுதினார்.

“ஏழுல ஒண்ணு எங்கே போச்சு?”

“வண்டிக்கு வயசாச்சில்ல.”

தம்பி வாய்விட்டுச் சிரித்தான். “அண்ணே, தேய்மானமே இல்லாத பாலிசிக்கும் தேய்மானம் போட்ட ஆளு உலகத்துலேயே நீ ஒருத்தன்தான்!”

அண்ணன் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் நின்றது.

“நெசமாவே ஆறா போடப்போறே?”

“எல்லாருக்கும் கழிச்சிட்டு, சொந்தத் தம்பிக்குக் கூட்டிப் போட்டான்னு ஒருத்தன் சொல்லிடக்கூடாது.”

“பதினோரு வருஷம் அண்ணே. ஊரு வாய்க்குப் பயந்துகிட்டு நீ இவளைக் குறைக்கிறே.” தம்பி எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். “சரி, நீ போட்டா போட்டதுதான். எங்கே கையெழுத்து?”

அடுத்த ஞாயிறு ஹாரன் கேட்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. ஐந்து வாரம் அப்படியே போயிற்று. ஆறாவது வாரம் இரண்டு சின்னது, ஒரு பெரியது என்று கேட்டது. அண்ணன் சட்டை மாட்டி, சவரம் செய்து, கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். அஞ்சு வாரம் வராதவன் இப்போது மட்டும் ஏன் வந்தான் என்று ஒரு வீறாப்பு.

“தூங்கறார்னு சொல்லு” என்றார் மனைவியிடம்.

“இதென்ன சின்னப் பிள்ளையாட்டம்?”

“சொல்லு.”

அவள் போய்ச் சொன்னாள். கார் கிளம்பிப் போகிற சத்தத்தை அவர் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது கியர் சற்று உறுமியது. அடுத்த வாரம் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

அந்த வாரம் வியாழக்கிழமை, ஏழு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்த லிஃப்ட் மோட்டார் அறையில் தம்பி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். ரிப்பேர் முடித்து அவன் ஓட்டிக் காட்ட வேண்டிய லிஃப்ட் அது. அதிலேயே அவன் உடலைக் கீழே இறக்கிக்கொண்டு வந்தார்கள்.

காரை அவன் மகள் தன் பெயருக்கு மாற்றிக்கொண்டாள். ஞாயிறு தவறாமல் ஓட்டவும் செய்தாள். இன்சூரன்ஸ் காகிதங்கள் மட்டும் பெரியப்பாவின் பொறுப்பு. “நீங்க சொன்னா சரிதான் பெரியப்பா” என்று காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவாள்.

வருஷம் முடிந்து, புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. பழைய தொகையே போதுமா, மாற்ற வேண்டுமா? மாற்றுவதென்றால் புதிதாக ஏழு புகைப்படங்கள் அனுப்ப வேண்டும்: முன்னால், பின்னால், இரண்டு பக்கம், எஞ்சின், டேஷ்போர்டு, சேஸிஸ் நம்பர்.

இந்தத் தடவை பத்து போடுவது என்று அவர் முடிவு செய்திருந்தார். யாரும் சொல்லவில்லை, தானாகவே. அவள் வேலைக்குப் போயிருந்த ஒரு பகல் வேளையில் செல்போனோடு கொட்டகைக்குப் போனார். கொட்டகை ஒடுக்கம். பக்கவாட்டில் படம் எடுக்க வேண்டுமென்றால் காரை வெளியே எடுத்தாக வேண்டும். கதவைத் திறந்து ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தார். காலை நீட்டினார். பெடல் எட்டவில்லை.

தம்பியின் காலுக்குச் சீட்டு கடைசிப் பள்ளம் வரைக்கும் பின்னால் தள்ளியிருந்தது.

சீட்டுக்கு அடியில் ஒரு நெம்புகோல் உண்டு. தூக்கி இழுத்தால் சீட்டு முன்னால் வரும். கையை அதில் வைத்தார். குளிர்ச்சியாக இருந்தது. முதுகுக்குப் பின்னால் அவனுடைய முதுகின் அச்சு பள்ளமாக இருந்தது. நெம்புகோலை இழுக்காமல் கையை எடுத்துக்கொண்டார். பிறகு இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வீட்டுக்கு வந்தார். கடிதத்தில் ‘மாற்றம் இல்லை’ என்ற கட்டத்தில் குறி போட்டு, அன்றைக்கே தபாலில் சேர்த்தார்.

நான்கு மாதம் கழித்துப் பெரிய மழை பெய்தது. மூன்றாம் நாள் காலையில், பக்கத்து மனையின் ஈரம் ஊறிய மதில் கொட்டகையின் மேல் சாய்ந்தது. உள்ளே காரைத் தவிர யாரும் இல்லை. இடது பக்கம் முழுக்க நசுங்கிப் போயிற்று. வலது பக்கம், ஓட்டுகிற சீட்டின் பக்கம், ஒரு கீறல் இல்லை.

பார்வையிடக் கம்பெனி அனுப்பிய சர்வேயர் ஒரு பெண். அவரிடமே நான்கு வருஷம் வேலை கற்றவள். ஒர்க்‌ஷாப்களில் அவளுக்குக் ‘குட்டித் தேய்மானம்’ என்று பெயர். செங்கல் எல்லாம் அள்ளிய பிறகு வந்தாள். சட்டைக் கையை இரண்டு மடிப்பு மடித்தாள். காரின் அடியில் போனாள். ரொம்ப நேரம் கழித்து வெளியே வந்து, நோட்டைப் புரட்டி, எதையோ கூட்டினாள்.

“நாலு லட்சத்து முப்பதாயிரம் வருது சார்.”

ஆறில் முக்கால் நாலரை. இருபதாயிரம் உள்ளேதான் இருக்கிறது.

டீத் தம்ளர்களோடு நின்றிருந்த தம்பி மகளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அப்போ ரிப்பேர் பண்ணிடலாம்தானே?”

“பண்ணலாம்மா” என்றாள் சர்வேயர். சொல்லும்போது நோட்டைத்தான் பார்த்தாள். தன் பழைய முதலாளியைப் பார்க்கவில்லை.

அதைத்தான் அவர் கவனித்தார். அவளுக்கு வேலை சொல்லிக் கொடுத்த நாளிலிருந்து அவள் தொகையைச் சொல்லும்போது முகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள். அவர் கற்றுக்கொடுத்த வழக்கம் அது. பேசாமல் டார்ச்சை வாங்கினார். அறுபத்தாறு வயதில், ஈரத் தரையில் மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் நகர்ந்து போனார்.

அவருக்கு அது கிடைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இடது பக்கத்து அடிச்சட்டத்தில், முன் கதவுக்குப் பின்னால், மயிரிழை மாதிரி ஒரு விரிசல். நகத்தை வைத்தார். நகம் உள்ளே போயிற்று.

கார் என்பது அந்தச் சட்டத்தின் மேல்தான் நிற்கிறது. புதிதாகச் செய்து போட்டால் இன்னும் இரண்டு லட்சம் கூடும். முக்கால் பங்கைத் தாண்டிவிடும். சட்டம் உடைந்து மொத்த இழப்பான காரை யாருக்கும், சொந்தக்காரருக்குக்கூட, கம்பெனி திருப்பி விற்காது. அக்கக்காகப் பிரித்துவிடுவார்கள்.

அடியில் படுத்தபடியே அவர் எல்லா வழியையும் யோசித்துப் பார்த்தார். கம்பெனியே வேண்டாம் என்று சொந்தக் காசில் செய்யலாம்தான். ஆனால் கையிருப்பெல்லாம் போன வருஷம் மனைவியின் முழங்கால் அறுவைக்குப் போய்விட்டது. தம்பி மகளுக்கோ வீட்டுக் கடன் இருக்கிறது. விரிசலைச் சத்தமில்லாமல் வெல்டிங் வைத்துவிடலாம். இரண்டாயிரம் ரூபாய் வேலை. இந்தச் சர்வேயர் பெண்ணும் வாயைத் திறக்கமாட்டாள். அப்படி ஒட்டிய சட்டத்தோடு ஓடிய ஒரு வண்டியை அவர் பல வருஷத்துக்கு முன்னால் ஒரு பெருஞ்சாலையில் பார்த்திருக்கிறார். காகிதத்தை மடித்த மாதிரி நடுவில் மடிந்து கிடந்தது. அன்றைக்கு வீட்டுக்கு வந்து அவர் சாப்பிடவில்லை. ஞாயிற்றுக்கிழமை இதை ஓட்டப் போகிறவள் தம்பி மகள்.

வெளியே வந்தார். முதுகில் சேறு.

“இடது பக்கம், முன் கதவுக்குப் பின்னால பாருங்கம்மா.”

சர்வேயர் நகரவில்லை. “பார்த்தேன் சார்.”

“பார்த்துட்டு?”

“நீங்க பார்க்கலைன்னா நானும் பார்க்கலைன்னு இருந்துடலாம்னு…”

“நான் அப்படியா கத்துக் குடுத்தேன்?”

“இல்ல சார். அதான் உங்க முகத்தைப் பார்க்க முடியலை.”

“எழுதுங்க” என்றார்.

அவள் எழுதினாள். ஆறு லட்சத்து முப்பதாயிரம். கீழே மொத்த இழப்பு என்று எழுதிக் கோடிட்டாள். தம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு தம்பி மகள் கிட்டே வந்தாள்.

“என்ன பெரியப்பா? இப்பதானே ரிப்பேர் பண்ணலாம்னாங்க?”

அவர் விளக்கினார். யாருக்கோ விளக்குகிற மாதிரி, விதி எண்ணோடு, ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னார். அவருக்கு வேறு விதமாகப் பேசத் தெரியவில்லை.

“எனக்கு ஆறு லட்சம் வேண்டாம் பெரியப்பா. வண்டி வேணும். அப்பா கை படாத ஒரு திருகாணிகூட இதுல இல்ல.”

“தெரியும் பாப்பா.”

“யாரு இந்த ஆறைப் போட்டது? அப்பாவா?”

சர்வேயர் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

“நான். உங்கப்பன் பத்து போடச் சொன்னான். நான் ஆறு போட்டேன்.”

“பத்து போட்டிருந்தா?”

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். பார்க்க வேண்டும் என்றாவது சொல்லியிருக்கலாம்.

“ஏழரை வரைக்கும் ரிப்பேர் பண்ணிக் குடுத்திருப்பாங்க. புதுச் சட்டம் செஞ்சு போட்டிருப்பாங்க. வண்டி இங்கேயே இருந்திருக்கும்.”

அவள் காரைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். “இந்த வருஷம் புதுப்பிச்சீங்களே. அப்பவாவது மாத்தியிருக்கலாமே?”

“மாத்தத்தான் வந்தேன்.”

“அப்புறம்?”

“கால் எட்டலை பாப்பா.”

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்கிக்கொள்ளும் பொறுமையும் அப்போது இல்லை. தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். டீயை யாரும் தொட்டிருக்கவில்லை.

பத்து நாள் அவள் அவரோடு பேசவில்லை. பதினோராம் நாள் காலையில் காரைத் தூக்கிக்கொண்டு போக ரெக்கவரி வண்டி வந்தது. ஓட்டுநர் குட்டையான ஆள், நல்ல வாய்க்காரர். சாய்வுப் பலகையை இறக்கி, இரும்புக் கயிற்றைக் கார் முன்னால் மாட்டினார்.

“கயிறு இழுக்கறப்போ உள்ளே ஒரு ஆளு இருக்கணும் சார். ஸ்டியரிங்கை நேரா பிடிச்சுக்கிட்டு, நான் சொல்றப்போ பிரேக்கை மிதிக்கணும். இருங்க, நானே ஏறி செட் பண்ணிக் காட்டறேன்.” ஏறி உட்கார்ந்தார். காலை நீட்டித் துழாவினார். “யப்பா, இதை என்ன ஒட்டகமா ஓட்டிச்சு? சீட்டை முன்னால தள்ளிக்கிறேன் சார்.” குனிந்து நெம்புகோலைத் தேடினார்.

“அதைத் தொடாதீங்க!”

அவருடைய குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது. ஓட்டுநர் கையை எடுத்துவிட்டார். வாசற்படியில் நின்றிருந்த தம்பி மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

“எட்டலையே சார். எட்டினாத்தானே மிதிக்க முடியும்?”

“தெரியும். எனக்கும் எட்டலை. வேற ஏதாவது பண்ணலாம். சக்கரத்துக்குக் கட்டை குடுத்து…”

அவர் பேசி முடிப்பதற்குள் அவள் படியிறங்கி வந்தாள். ஓட்டுநரை இறங்கச் சொல்லிவிட்டு உள்ளே உட்கார்ந்தாள். அப்பாவின் உயரம் அவளுக்கு. முதுகு அந்தப் பள்ளத்தில் சாய்ந்தது. கால் பெடலில் போய்த் தானாக நின்றது. ஞாயிறு தோறும் அவள் அந்தச் சீட்டை நகர்த்தாமலேயே ஓட்டிக்கொண்டிருந்தாள் என்பதை அவர் அப்போதுதான் யோசித்துப் பார்த்தார்.

கயிறு முறுகியது. கார் மெதுவாக வெயிலுக்கு வந்தது. “பிரேக்!” என்று ஓட்டுநர் கத்தினார். நின்றது. “விடும்மா!” மறுபடி நகர்ந்தது. நசுங்கிய பக்கம் தெருவுக்கு மறுபக்கமாக இருந்ததால், தெருவில் போன ஒருவர் நின்று பார்த்துவிட்டு, “நல்ல வண்டி சார். விக்கிறீங்களா?” என்று கேட்டுவிட்டுப் போனார்.

பலகையின் உச்சிக்குப் போய் நின்றதும் அவள் இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கினாள். அவர் கீழே நின்றிருந்தார். வெகுநாளாக அவரைவிட உயரமாக இருந்த பெண், இப்போது இன்னும் உயரத்தில் இருந்தாள்.

“கால் எட்டலைன்னு சொன்னீங்களே. இதுதானா பெரியப்பா?”

அவர் தலையசைத்தார்.

“போட்டோ எடுக்க வந்தீங்களா?”

“ம்.”

அவள் ஸ்டியரிங்கில் கையை வைத்தபடி முன்னால் பார்த்தாள். அழவில்லை.

“என்னைக் கூப்பிட்டிருக்கலாமே. நான் வெளியில எடுத்து விட்டிருப்பேனே.”

ஓட்டுநர் ரசீதுப் புத்தகத்தை அவரிடம் நீட்டினார். ஒப்படைப்பவர் கையெழுத்து, சாட்சி கையெழுத்து என்று இரண்டு இடம். அவர் சாட்சியின் கட்டத்தில் போட்டார். மேலே ஒப்படைப்பவர் கட்டத்தை விரலால் காட்டி, புத்தகத்தையும் பேனாவையும் எட்டிய மட்டும் உயர்த்திப் பிடித்தார். அவள் குனிந்து வாங்கிக்கொண்டாள்.